ஆஸ்திரேலியா 190 விசா: பழைய 323 கேஸ் இருக்கிறது, விண்ணப்பப் பாரத்தில் 'இல்லை' என்று போடலாமா?

பட்டர்வொர்த் வெல்டர்:
எல்லாருக்கும் வணக்கம். ஆஸ்திரேலிய மாநிலம் பரிந்துரைக்கும் 190 நிரந்தரக் குடியேற்ற விசாவுக்கு அழைப்பு வந்துவிட்டது, 60 நாளுக்குள் விண்ணப்பம் போட வேண்டும். மனைவி, மகள் இருவரையும் அதிலேயே சேர்க்கிறேன்.

சிக்கல் இதுதான். 2012இல் ஒரு கல்யாண விருந்தில் கைகலப்பு. செக்‌ஷன் 323, அதாவது மலேசியத் தண்டனைச் சட்டத்தில் காயம் விளைவித்த குற்றம், போட்டார்கள். மெஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 1,500 வெள்ளி அபராதம் கட்டிவிட்டு அன்றே வீட்டுக்கு வந்துவிட்டேன். ஆனால் 323க்கு ஓராண்டு வரை சிறை கொடுக்கலாமாம். ஆஸ்திரேலியாவில் '12 மாதம்' என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்களே, நான் அதில் மாட்டுகிறேனா?

ஏஜென்ட், "பழைய கேஸ், நன்னடத்தைச் சான்றிதழில் வராது, 'இல்லை' என்று போட்டுவிடலாம்" என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. 2017 முதல் 2020 வரை சிங்கப்பூரில் வேலை செய்ததையும் சொல்லிவிடுகிறேன்.

ஜெலுத்தோங் ராஜா:
ஏஜென்ட் சொல்வது சரிதான் சகோ. எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படித்தான் போட்டார், இப்போது பெர்த்தில் சுகமாக இருக்கிறார். சும்மா கிடக்கிற சங்கை ஏன் ஊதுகிறீர்கள்?

பிரிக்பீல்ட்ஸ் அக்கா:
ராஜா தம்பி, அவர் இன்னும் மாட்டவில்லை, அவ்வளவுதான். குடியுரிமைக்கு மனு போடும்போதும் நன்னடத்தையைப் பார்ப்பார்கள்.

வெல்டர் தம்பி, முதலில் அந்த 12 மாதம். ஆஸ்திரேலியாவின் 1958ஆம் ஆண்டுக் குடிநுழைவுச் சட்டம், 501ஆவது பிரிவு, நன்னடத்தைச் சோதனை. அது பார்ப்பது நீதிமன்றம் உங்களுக்கு விதித்த தண்டனையை. அந்தக் குற்றத்துக்குச் சட்டத்தில் எழுதியிருக்கும் உச்சத் தண்டனையை அல்ல. 12 மாதமோ அதற்கு மேலோ சிறை விதித்திருந்தால் அங்கே விழுவீர்கள். சின்னச் சின்னத் தண்டனைகளைக் கூட்டி 12 வந்தாலும் அதே கதைதான். உங்களுக்குச் சிறையே இல்லை. ஆளின் நடத்தையை மொத்தமாகவும் எடை போடுவார்கள்தான். ஆனாலும் பத்து வருடத்துக்கு மேற்பட்ட ஒரே ஓர் அபராதம், அப்புறம் ஒன்றுமில்லை என்றால் நான் அதற்குப் பயப்பட மாட்டேன்.

பயமெல்லாம் அந்த 'இல்லை'யில்தான். பாரத்தில் கேள்வியை நிதானமாகப் படியுங்கள். எந்த நாட்டிலாவது குற்றவாளி என்று தீர்ப்பானதுண்டா, இப்போது பதிவிலிருந்து நீக்கப்பட்டவை உட்பட, என்றுதான் கேட்கிறார்கள். சான்றிதழில் வருமா வராதா என்பது கேள்வியே இல்லை. பொய்த் தகவல் என்று தெரிந்தால் 4020 என்ற விதி பாயும்: விசா மறுப்பு, அதோடு 3 ஆண்டுத் தடை. மனைவி, மகளுக்கும் சேர்த்து. கையெழுத்து உங்களுடையது, ஏஜென்டுக்கு என்ன? அவர் ஆஸ்திரேலியாவில் பதிவு பெற்றவர்தானா என்றும் பாருங்கள். ஏழு இலக்கப் பதிவு எண் இருக்கும், அரசின் பட்டியலில் தேடலாம்.

'ஆம்' என்று போட்டு, நடந்ததை ஒரு பக்கத்தில் எழுதுங்கள். அழவும் வேண்டாம், எதிராளி மேல் பழி போடவும் வேண்டாம். கேஸ் நடந்த நீதிமன்றப் பதிவகத்தில் ஐசி (அடையாள அட்டை) எண்ணைச் சொல்லித் தீர்ப்பின் சான்றளித்த நகலை வாங்குங்கள். மலாயில் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பு சேர்க்க வேண்டும். சிலரை மலேசியக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஏ பிரிவில் தீர்ப்புப் பதியாமல் நன்னடத்தைப் பிணையில் விட்டிருப்பார்கள், அவர்கள் கணக்கு வேறு. நீங்கள் அபராதம் கட்டியிருக்கிறீர்கள், அதனால் தீர்ப்புப் பதிவானது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பாயான் லெப்பாஸ் டெக்னீஷியன்:
சான்றிதழ் பற்றி நான் சொல்கிறேன். கடந்த 10 ஆண்டில் மொத்தமாக 12 மாதம் இருந்த ஒவ்வொரு நாட்டுக்கும் ஒன்று வேண்டும், 16 வயதுக்குப் பிறகு. மலேசியாவுக்கு விஸ்மா புத்ராவின் (வெளியுறவு அமைச்சு) இ-கொன்சுலார் தளத்தில் சிஜில் கெலாக்குவான் பாயிக், அதாவது நன்னடத்தைச் சான்றிதழ், 20 வெள்ளி. அதற்காகப் புத்ராஜெயாவரை ஓட வேண்டியதில்லை.

சிங்கப்பூர்தான் இழுக்கும். அந்நாட்டுக் குடிமக்கள் அல்லாதவர்கள், சான்றிதழை எந்த அரசு கேட்கிறது என்பதற்கு ஆவணம் காட்ட வேண்டும். கைரேகையும் கொடுக்க வேண்டும். அதை முதலில் தொடங்குங்கள்.

பட்டர்வொர்த் வெல்டர்:
நன்றி அக்கா, நன்றி அண்ணே. இன்னொன்று. ராணுவப் பயிற்சி, ஆயுதப் பயிற்சி எடுத்ததுண்டா என்று ஒரு கேள்வி இருக்கிறது. 2008இல் பிஎல்கேஎன் (தேசிய சேவைப் பயிற்சி) முகாமில் எங்களைத் துப்பாக்கி சுட வைத்தார்களே?

பாயான் லெப்பாஸ் டெக்னீஷியன்:
ஹா ஹா, நம் நாட்டுப் பிள்ளைகளுக்கே உள்ள தலைவலி. 'ஆம்' என்று போட்டு, பெயர் குலுக்கலில் வந்த கட்டாய தேசிய சேவை, இத்தனை நாள், இந்த முகாம் என்று இரண்டு வரி எழுதினால் போதும்.

ஜெலுத்தோங் ராஜா:
இதற்கும் ஆமா? பாரம் முழுக்க ஆம் ஆம் என்றே இருக்கும் போல.

பட்டர்வொர்த் வெல்டர்:
கேஸ் நடந்தது புக்கிட் மெர்தாஜாமில், திங்கட்கிழமை போகிறேன். அபராத ரசீது தொலைந்துவிட்டது அக்கா. ஏஜென்டுக்குப் பாதிப் பணமும் கொடுத்துவிட்டேன்.

பிரிக்பீல்ட்ஸ் அக்கா:
ரசீது தொலைந்தால் பரவாயில்லை, அபராதம் கட்டியது கோப்பில் இருக்கும். அதையும் சேர்த்து நகல் கேளுங்கள். ஏஜென்ட் 'இல்லை' போடச் சொன்னது வாயாலா, வாட்ஸ்அப்பிலா? வாட்ஸ்அப் என்றால் அந்த மெசேஜை அழிக்காதீர்கள், பணத்தைத் திருப்பிக் கேட்கும்போது உதவும்.