பிரெட்னிசோலோனை நிறுத்திவிடலாமா?

மணி வீடு:
எங்கள் நாய் மணிக்கு ஐந்து வயது, 20 கிலோ. ஈறு வெளுத்து, சிறுநீர் காப்பி நிறத்தில் போனதும் தூக்கிக்கொண்டு ஓடினோம். உடலின் எதிர்ப்பு சக்தியே சிவப்பணுக்களை அழிக்கிறது என்றார்கள். அப்போது பி.சி.வி. (ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம்) 14, ரத்தம் ஏற்றினார்கள். இப்போது 36. தினமும் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு 40 மி.கி., கூடவே எதிர்ப்பு சக்தியை அடக்க அசதயோபிரின், ரத்தம் கட்டாமல் இருக்க குளோபிடோக்ரல். ஆனால் ஓயாமல் தண்ணீர் குடிக்கிறான், இரவெல்லாம் சிறுநீர், மூச்சிரைப்பு. தொடைச் சதை வற்றிவிட்டது. பார்க்க மனசு தாங்கவில்லை. ரத்தம்தான் ஏறிவிட்டதே, ஸ்டீராய்டை நிறுத்தலாமா?

செவலையின் அக்கா:
நிறுத்தாதீர்கள், தயவுசெய்து. எங்கள் செவலைக்கு மூட்டுகளில் இதே வகை நோய். நீங்கள் சொல்லும் அத்தனையும் அவளுக்கும் இருந்தது. மாத்திரை குறையக் குறையத் தணிந்தது, சதையும் மெல்லத் திரும்பியது. தண்ணீரை மட்டும் குறைத்து வைக்காதீர்கள். இரவில் ஒருமுறை கூடுதலாக வெளியே கூட்டிப்போங்கள்.

கால்நடை மருத்துவர்:
36 நல்ல செய்தி. ஆனால் அந்த எண்ணை இப்போது தாங்கிப் பிடிப்பது மருந்துதான். திடீரென்று நிறுத்தினால் நோய் திரும்பலாம். அதோடு, வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டிருப்பதால் மணியின் அட்ரினல் சுரப்பி தன் வேலையைக் குறைத்திருக்கும். அது விழித்துக்கொள்ள அவகாசம் இல்லாவிட்டால் வாந்தி, தளர்ச்சி, மயக்கம் வரை போகும்.

வழக்கமாக, பி.சி.வி. 30-க்கு மேல் இரண்டு வாரம் நிலைத்தால் கால் பங்கு குறைப்போம். பிறகு மூன்று வாரத்துக்கு ஒருமுறை, ரத்தம் பார்த்துவிட்டே அடுத்த கால் பங்கு. மொத்தம் சில மாதங்கள் ஆகும். ஸ்டீராய்டைக் குறைக்க வழிசெய்யத்தான் அசதயோபிரின். அது கல்லீரலையும் எலும்பு மஜ்ஜையையும் பாதிக்கக்கூடியது, ஏ.எல்.டி. (கல்லீரலுக்கான ரத்தப் பரிசோதனை), வெள்ளணு எண்ணிக்கை இரண்டும் பார்த்தார்களா என்று கேளுங்கள்.

குளோபிடோக்ரலைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். இந்த நோயில் பல நாய்களைக் கொல்வது ரத்தச்சோகை அல்ல, நுரையீரலில் அடைக்கும் ரத்தக்கட்டி. அப்புறம், கால் வலி என்று மெலாக்சிகாம் போன்ற வலி மாத்திரை கொடுத்துவிடாதீர்கள். ஸ்டீராய்டோடு சேர்ந்தால் குடலில் புண்ணாகும்.

மணி வீடு:
மனசு கொஞ்சம் நிம்மதியானது. ஏ.எல்.டி. பார்த்ததாக ரிப்போர்ட்டில் இல்லை, நாளையே கேட்கிறேன். அசதயோபிரினை உடைத்துத்தான் கொடுக்கிறேன், பரவாயில்லையா?

கால்நடை மருத்துவர்:
உடைக்க வேண்டாம், தூள் கையிலும் மூச்சிலும் படும். கையுறை போட்டு முழு மாத்திரையாகக் கொடுங்கள். அளவு பொருந்தவில்லை என்றால் உங்கள் மருத்துவரிடம் மாற்றிக் கேளுங்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அவர் தொடவே கூடாது.