எபேசுவில் எரிந்தவை யாருடைய புத்தகங்கள்?

பெரியப்பா: எல்லாருக்கும் ஸ்தோத்திரம். அடுத்து வரும் செய்தியைக் கட்டாயம் படியுங்கள். ஆண்டவரைக் கேவலப்படுத்தி ஒரு வெப் தொடர் எடுத்திருக்கிறார்களாம். நாம் சும்மா இருக்கக் கூடாது.

பெரியப்பா: [பலமுறை ஃபார்வர்டு செய்யப்பட்டது] அவசரம்! நீங்கள் உண்மையான கிறிஸ்தவர் என்றால் இதை உடனே பத்துப் பேருக்கு அனுப்புங்கள். அனுப்பாதவர்கள் ஆண்டவரை மறுதலித்தவர்கள்...

அத்தை: ஐயோ, இதென்ன கொடுமை! எங்கள் ஜெபக்குழுவுக்கும் அனுப்பிவிடுகிறேன் பெரியண்ணா.

அண்ணன்: அத்தை, கொஞ்சம் பொறுங்கள். பெரியப்பா, இதில் தொடரின் பெயரே இல்லையே. யார் எடுத்தது, எதில் வருகிறது, எப்போது வருகிறது, ஒன்றுமே இல்லை.

பெரியப்பா: அதையெல்லாம் தேடிப் போய்ப் பார்க்கச் சொல்கிறாயா ராஜா?

அண்ணன்: பார்க்கச் சொல்லவில்லை பெரியப்பா. அப்படி ஒன்று உண்மையிலேயே இருக்கிறதா என்றுதான் கேட்கிறேன். மேலே இரட்டை அம்புக்குறி தெரிகிறதா? பல கை மாறி வந்த செய்திக்குத்தான் அது விழும். 2020 ஏப்ரலில் இருந்து வாட்ஸ்அப்பில் அப்படிப்பட்ட செய்தியை ஒரு நேரத்தில் ஒரு சாட்டுக்கு மட்டும்தான் அனுப்ப முடியும். அனுப்பும் வசதியைச் செய்து கொடுத்தவர்களே இவ்வளவு தயங்குகிறார்கள்.

நான்: “அபாண்டமான சொல்லை ஏற்றுக்கொள்ளாயாக.” யாத்திராகமம் 23:1. பொய் சொல்லாதே என்ற கட்டளை வேறு. இங்கே சொல்லப்படுவது, வருகிற பொய்யைக் கையில் வாங்காதே என்பது. பெரியப்பா, நீங்கள் ஆண்டவர்மேல் உள்ள அன்பினால்தான் அனுப்பினீர்கள் என்று எங்களுக்குத் தெரியும். அந்த அன்பைத்தான் இதை எழுதியவர் பயன்படுத்திக்கொள்கிறார். “அனுப்பாதவர்கள் மறுதலித்தவர்கள்” என்ற வரி எனக்கு மிகவும் வலிக்கிறது. தம்மை மறுதலித்த பேதுருவுக்குக்கூட ஆண்டவர் அப்படி ஒரு பயத்தைக் காட்டவில்லை.

சித்தப்பா: 2018இல் அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ட்விட்டரில் 2006 முதல் 2017 வரை பரவிய சுமார் 1,26,000 செய்திகளை எடுத்துப் பார்த்தார்கள். மெய்யான செய்தியைவிடப் பொய்ச் செய்தி மறுபடி பகிரப்படுவதற்கு 70 சதவீதம் அதிக வாய்ப்பு இருந்தது. தானியங்கிக் கணக்குகளைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் முடிவு மாறவில்லை. பரப்பியது நம்மைப் போன்ற மனிதர்கள்தான்.

பெரியப்பா: சரி. பெயர் இல்லாததைப் பரப்ப வேண்டாம், எடுத்துவிடுகிறேன். ஆனால் என் மனதில் உள்ள பாரம் அந்த ஒரு செய்தி இல்லை. நம் பிள்ளைகள் எந்நேரமும் ஃபோனில் இருக்கிறார்கள். எதைப் பார்க்கிறார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. ஒரு குடும்பமாகத் தீர்மானம் எடுப்போம். ரீல்ஸ், தொடர்கள் எல்லாவற்றையும் எல்லாரும் ஒரே நாளில் அழித்துவிடுவோம். எபேசுவில் விசுவாசிகள் செய்தார்களே. அப்போஸ்தலர் 19ஆம் அதிகாரம். மாயவித்தைப் புத்தகங்களைக் கொண்டுவந்து எல்லார் முன்பாகவும் எரித்தார்கள். அதன் விலை ஐம்பதினாயிரம் வெள்ளிக்காசு!

அத்தை: ஆமென். நல்ல யோசனை பெரியண்ணா.

தங்கை: பெரியப்பா, கோபப்படாதீர்கள். நான் வேதபாடம் கேட்பதே அந்த ஆப்பில்தான். வீடியோ எடிட்டிங் கற்றுக்கொண்டதும் அதில்தான். “நீங்கள் சுயாதீனத்திற்கு அழைக்கப்பட்டீர்கள்” என்று கலாத்தியர் 5:13 சொல்கிறது. எல்லாருக்கும் சேர்த்து ஒருவர் அழிக்கச் சொன்னால் அது எப்படிச் சுயாதீனம் ஆகும்?

பெரியப்பா: பாப்பா, அந்த வசனத்தின் மீதியையும் படி.

தங்கை: படித்தேன். சுயாதீனத்தை மாம்சத்துக்கு இடமாக்காமல் அன்பினால் ஒருவருக்கொருவர் ஊழியம் செய்யச் சொல்கிறது. நான் அதை மறுக்கவில்லை. ஆனால் முதல் பாதியும் வேதம்தானே பெரியப்பா?

நான்: எபேசு காரியத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாமா? எனக்கு மிகவும் பிடித்த பகுதி அது.

நான்: அங்கே பிரசங்கித்த பவுல் எரிக்கச் சொன்னார் என்று, அப்போஸ்தலர் நடபடிகளை எழுதிய லூக்கா எழுதவே இல்லை. வந்தவர்கள் தாங்களாக வந்தார்கள், செய்ததை அறிக்கையிட்டார்கள், பிறகு எரித்தார்கள். எரித்தது அவர்களுடைய சொந்தப் புத்தகங்களை. அந்தப் புத்தகங்கள் தங்களை என்ன செய்தன என்று அவர்களுக்குத் தெரியும், ஏனென்றால் அதே வித்தையைச் செய்து வாழ்ந்தவர்கள் அவர்கள். ஒரு வெள்ளிக்காசை ஒரு நாள் கூலி என்று வைத்தால் ஐம்பதினாயிரம் நாள் கூலி. விற்றிருக்கலாம். விற்றால் அது இன்னொருவனைக் கட்டிப்போடும் என்பதால் விற்கவில்லை என்று நான் நினைக்கிறேன்.

நான்: அதே அதிகாரத்தைக் கடைசிவரை படியுங்கள். வெள்ளி வேலை செய்யும் தெமேத்திரியு ஊரையே கூட்டிக் கலகம் செய்கிறான். அதை அடக்க வந்த நகரச் சம்பிரதி என்ன சொல்கிறான்? இந்த மனிதர்கள் கோயிலைக் கொள்ளையிட்டவர்களும் அல்ல, உங்கள் தேவியைத் தூஷித்தவர்களும் அல்ல என்கிறான். 37ஆம் வசனம். விசுவாசி அல்லாத ஓர் அதிகாரி கொடுத்த சாட்சி! தங்கள் வீட்டில் இருந்ததை எரித்தார்கள். அடுத்தவன் கோயிலைத் தொடவில்லை.

அண்ணன்: இந்த 37ஆம் வசனத்தை நான் இப்படி யோசித்ததே இல்லை.

சித்தப்பா: மேலிருந்து பட்டியல் போட்டுத் தடுத்த காலமும் இருந்தது. ரோமில் 1559இல் தடைசெய்யப்பட்ட புத்தகங்களின் பட்டியல் வந்தது. 1966வரை நடப்பில் இருந்தது. நானூறு வருஷம்! பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று எழுதிய கோப்பர்நிக்கஸும் அதில் இருந்தார். ஜனங்களைக் காப்பாற்றத்தான் போட்டார்கள், அந்த எண்ணத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் பட்டியலை நம்பிப் பழகியவனுக்குத் தானாகப் பகுத்தறியும் பழக்கம் வராது. “எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து, நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள்” என்று பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதியது முழுச் சபைக்கும்.

பெரியப்பா: அப்படியானால் எதை வேண்டுமானாலும் பார்க்கலாம் என்கிறீர்களா? அவரவர் இஷ்டம் என்று விட்டுவிடுவதா?

நான்: இல்லை பெரியப்பா, இல்லவே இல்லை. “எல்லாவற்றையும் அநுபவிக்க எனக்கு அதிகாரமுண்டு, ஆகிலும் நான் ஒன்றிற்கும் அடிமைப்படமாட்டேன்.” 1 கொரிந்தியர் 6:12. “எனக்கு உரிமை இருக்கிறதா” என்ற கேள்வியோடு பவுல் நிற்கவில்லை. “அது என்னை ஆளுகிறதா” என்று கேட்கிறார். தங்கச்சி, உன்னிடமும் இதைத்தான் கேட்பேன். பார்க்கலாமா என்று கேட்காதே. நிறுத்த முடிகிறதா என்று கேள்.

தங்கை: நிறுத்த முடிகிறது அக்கா. பெரும்பாலும்.

அண்ணன்: அந்தப் “பெரும்பாலும்” உன் தவறு மட்டும் இல்லை. முன்பெல்லாம் ஒரு பக்கம் முடியும். அடுத்த பக்கம் வேண்டுமா என்று நாம்தான் அழுத்த வேண்டும். 2006இல் ஏசா ராஸ்கின் என்ற வடிவமைப்பாளர் முடிவே இல்லாமல் கீழே ஓடும் பக்கத்தை உருவாக்கினார். பிறகு அவரே அதற்காக வெளிப்படையாக வருத்தப்பட்டார். அடுத்த வீடியோ தானாக ஓடுவதும் அதே மாதிரிதான். “போதுமா?” என்று நம் மனது கேட்கிற அந்த ஒரு நொடியை எடுத்துவிட்டார்கள். நெட்ஃபிளிக்ஸின் தலைவர் 2017இல், எங்கள் போட்டி உங்கள் தூக்கத்தோடு என்று சொன்னார்.

நான்: அதனால்தான் சுயாதீனம் என்ற பேச்சைச் சும்மா விட முடியவில்லை. யாரும் தடுக்கவில்லை என்பதாலேயே நான் தேர்ந்தெடுத்தேன் என்று ஆகிவிடாது.

சித்தப்பா: அலிப்பியு கதை தெரியுமா யாருக்காவது?

தம்பி: தெரியாது அப்பா. சொல்லுங்கள்.

சித்தப்பா: அட, நீயும் படித்துக்கொண்டுதான் இருக்கிறாயா! நாலாம் நூற்றாண்டு. சபைப் பிதாக்களில் ஒருவரான அகஸ்டினின் நண்பர் அலிப்பியு ரோமில் சட்டம் படிக்கப் போனார். மனிதர்கள் ஒருவரையொருவர் வெட்டிச் சாகும் விளையாட்டை அடியோடு வெறுத்தவர். நண்பர்கள் ஒருநாள் கையைப் பிடித்து இழுத்துப் போனார்கள். “என் உடம்பைத்தான் அங்கே உட்கார வைப்பீர்கள், கண்ணைத் திறக்க வைக்க முடியாது” என்ற மாதிரி சவால் விட்டார். கண்ணை மூடி உட்கார்ந்தார். யாரோ ஒருவன் விழுந்தான். கூட்டம் ஒரே குரலாகக் கத்தியது. என்னதான் நடக்கிறது என்று பார்த்துவிட்டு வெறுத்துவிடலாம் என்று கண்ணைத் திறந்தார். அவ்வளவுதான். திரும்பக் கண்ணை எடுக்க முடியவில்லை. இரத்தத்தைப் பார்த்துக் கத்தினார், வெறிகொண்டார். பின்பு தானே மற்றவர்களை அழைத்துக்கொண்டு அங்கே போகிற ஆளாகிவிட்டார் என்று அகஸ்டின் எழுதுகிறார்.

தம்பி: பிறகு?

சித்தப்பா: பிறகு வெகுகாலம் கழித்து ஆண்டவர் அவரை மீட்டார். தகாஸ்தே என்ற ஊரில் பேராயர் ஆனார். ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. கண்ணை மூடிய மனிதர் காதை மூடவில்லை. அவரை விழவைத்தது காட்சி இல்லை, கூட்டத்தின் சத்தம்.

தங்கை: அப்பா, இது என்னைத் தொட்டுவிட்டது. எனக்கு வன்முறைத் தொடர்களில் பிரச்சினை இல்லை, அவற்றை நான் பார்ப்பதே இல்லை. எனக்குக் கூட்டத்தின் சத்தம் என்றால் மற்றவர்களுடைய படங்கள்தான். யார் எங்கே போனார்கள், யாருக்கு எவ்வளவு லைக். பார்த்து முடிக்கும்போது மனது சுருங்கிப்போகிறது. உண்மையும் ஒழுக்கமும் உள்ளவற்றையே சிந்தியுங்கள் என்ற பிலிப்பியர் 4:8ஐ வைத்து வடிகட்டினால் அந்தப் படங்களில் தப்பே கிடையாது. என் உள்ளேதான் ஏதோ நடக்கிறது.

நான்: நீ இதைச் சொன்னதற்கு நன்றிடா. இதைத்தான் வேறு யாரும் உனக்காகக் கண்டுபிடிக்க முடியாது. பட்டியல் போட்டிருந்தால் தொடர்களைத் தடுத்திருப்போம், இது தப்பித்திருக்கும்.

அத்தை: பெரியண்ணா, ஒன்று சொல்லட்டுமா? தங்கையாகச் சொல்கிறேன். பிள்ளைகளைப் பற்றியே பேசுகிறோம். நீங்கள் தினமும் ராத்திரி டிவியில் விவாதம் பார்க்கிறீர்கள். அதை முடித்துவிட்டு ஜெபத்துக்கு உட்காரும்போது உங்கள் குரலே மாறிப்போகிறது. அண்ணி என்னிடம் வருத்தப்பட்டார்கள்.

சித்தப்பா: அத்தேனே பட்டணத்தார் புதுச் செய்தி சொல்வதிலும் கேட்பதிலுமே பொழுதைக் கழித்தார்கள் என்று அப்போஸ்தலர் 17இல் இருக்கிறது. நானும் அந்த ஆள்தான் அண்ணா.

பெரியப்பா: யோசிக்க வேண்டிய காரியம்தான் தங்கச்சி. நாட்டு நடப்பு தெரிய வேண்டும் என்றுதான் பார்க்கிறேன். ஆனால் நீ சொல்வதும் உண்மை. அந்தக் கோபம் படுக்கைவரை வருகிறது.

அண்ணன்: எனக்கு ஒரு சந்தேகம் பாக்கி இருக்கிறது. என் மகளுக்கு ஆறு வயது. அவளிடம் போய் “நீயே சோதித்துப் பார்” என்று சொல்ல முடியாதே.

நான்: அவளுக்கு நீதான் தீர்மானிக்க வேண்டும் அண்ணா, அதில் சந்தேகமே வேண்டாம். எவ்வளவு நேரம், எது, யார் பக்கத்தில் இருக்க, எல்லாம் உன் பொறுப்பு. ஆனால் அவள் வளர வளர ஒவ்வொன்றாக அவள் கையில் கொடு. தானியேலைப் பார். பாபிலோனுக்குப் போகும்போது வாலிபன். கல்தேயரின் எழுத்தையும் பாஷையையும் கற்றான். மூன்று வருஷப் படிப்பு. பெல்தெஷாத்சார் என்று வைத்த பெயரையும் சகித்தான். ராஜாவின் போஜனம் என்று வந்தபோது மட்டும் இருதயத்தில் தீர்மானம் செய்தான். எல்லைக்கோட்டை எங்கே போடுவது என்று பக்கத்தில் இருந்து சொல்ல அப்பா அம்மா இல்லை. வேதம் அவனுக்குள் இருந்தது.

தம்பி: அவன் சண்டை போடவில்லை அக்கா. ராஜாவின் போஜனம் இல்லாமல் பத்து நாள் சோதித்துப் பாருங்கள் என்று கேட்டான். எங்கள் ஞாயிறு பள்ளியில் படித்தோம்.

தம்பி: பெரியப்பா, நாமும் பத்து நாள் செய்யலாமா? அவரவர் தன்னை எது பிடித்து வைத்திருக்கிறதோ அதை மட்டும் விடட்டும். எது என்று அவரவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

பெரியப்பா: நல்லது தம்பி. ஆனால் ஒன்றில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். குடும்ப ஜெப நேரத்தில் ஒரு ஃபோனும் அறைக்குள் வரக் கூடாது. யார் வீடாக இருந்தாலும்.

தங்கை: அதில் எனக்கு ஆட்சேபணையே இல்லை பெரியப்பா. அது எல்லாருடைய நேரம், எல்லாருக்கும் ஒரே விதி இருக்கலாம். மற்றதில் ரோமர் 14 போதும். “மற்றொருவனுடைய வேலைக்காரனைக் குற்றவாளியாகத் தீர்க்கிறதற்கு நீ யார்?” பத்து நாளில் யார் தவறினார்கள் என்று இந்தக் குழுவில் கேட்க வேண்டாம்.

அத்தை: இடறல் உண்டாக்காதே என்பதும் அதே அதிகாரத்தில் இருக்கிறது பாப்பா. நான் ஒன்றை விட்டிருக்கும்போது அதையே யாரும் இங்கே போடாதீர்கள்.

தங்கை: சரி அத்தை. அது நியாயம்.

பெரியப்பா: நான் ராத்திரி விவாதத்தை விடுகிறேன். காலையில் செய்தித்தாள் படிப்பேன், அது போதும்.

தங்கை: நான் மற்றவர்களின் ஸ்டோரிகளை.

அண்ணன்: நான் ஆட்டோப்ளேயை எல்லா ஆப்பிலும் அணைத்துவிட்டேன். இப்போதே.

சித்தப்பா: தம்பி, யோசனை சொன்னவன் நீ. நீ எதை விடப்போகிறாய்?

தம்பி: இன்னும் முடிவு செய்யவில்லை அப்பா. ஜெபித்துவிட்டு நாளைக்குச் சொல்கிறேன். சொல்லாமலும் இருக்கலாம்.

பெரியப்பா: சரி தம்பி. உன் இஷ்டம்.