ரோலர் கோஸ்டர் ஏவலுக்கு எவ்வளவு மின்சாரம்? கணக்குத் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். சில ரோலர் கோஸ்டர்களில் ரயிலைச் சில விநாடிகளில் அதிவேகத்துக்குத் தள்ளிவிடுவார்கள், அதுதான் ஏவல். அதற்கான மின்சாரத்தைப் பற்றி கல்லூரி செமினாருக்காக ஒரு கணக்கு போட்டேன், பாதியில் நிற்கிறது.

அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் இருந்த கிங்டா கா என்ற கோஸ்டர் 3.5 விநாடியில் மணிக்கு 206 கி.மீ. வேகத்தை எட்டியது. ரயில் ஆட்களோடு 10 டன் என்று வைத்துக்கொண்டால் இயக்க ஆற்றல் சுமார் 16 மெகாஜூல். சராசரித் திறன் 4.7 மெகாவாட். முடுக்கம் சீராக இருந்தால் கடைசிக் கணத்தில் அதுவே இரட்டிப்பாகும்! ஆனால் அது ஹைட்ராலிக். பம்புகள் நிதானமாக எண்ணெயைத் தள்ளி நைட்ரஜனை அழுத்தி வைக்கும், ஏவும்போது அந்த அழுத்தம் ஒரேயடியாக விடுபடும். 45 விநாடிக்கு ஒரு ரயில் என்றால், இழப்புகளை விட்டுவிட்டால் 360 கிலோவாட் போதும்.

ஆர்லாண்டோவின் ஹல்க் கோஸ்டரில் ஃப்ளைவீலில் (வேகமாகச் சுழலும் கனமான சக்கரம்) ஆற்றலைச் சேமித்தார்கள். இல்லையென்றால் ஒவ்வொரு ஏவலுக்கும் அக்கம்பக்கத்து விளக்குகள் மங்கியிருக்குமாம்.

நான் மாட்டிக்கொண்டது எல்எஸ்எம் மோட்டாரில் (ரயிலைக் காந்த விசையால் நேர்கோட்டில் தள்ளும் மோட்டார்). ஸ்பெயினின் ரெட் ஃபோர்ஸ் அந்த வகைதான், 5 விநாடியில் 180 கி.மீ. இதில் ஸ்டேட்டர்கள் (தடத்தில் பொருத்திய மின்காந்தச் சுருள்கள்) பகுதி பகுதியாக உயிர்பெறும்போது உச்சத் தேவையை எப்படிக் கணக்கிடுவது? மோட்டாரின் திறனிழப்புக்கு என்ன சதவீதம் எடுக்கலாம்? சூப்பர் கெபாசிட்டர் (மின்சாரத்தைச் சேமித்து சட்டென்று வெளியிடும் கருவி) வைத்தால் அதன் அளவை எப்படி முடிவு செய்வது? மோட்டார் டிரைவ் (மோட்டாரின் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கருவி), மெட்ரோ ரயில் வேலையில் இருப்பவர்கள் சொன்னால் புண்ணியமாகப் போகும். வியாழக்கிழமை செமினார்.