காருக்குக் காற்று அடிக்க சின்ன கம்ப்ரசர்: சாக்கெட்டா, பேட்டரியா?

குலசேகரம்_ரப்பர்:
வீடு குலசேகரத்திலிருந்து உள்ளே, ரப்பர் தோட்டத்துக்கு நடுவில். ஒரு சின்ன கார், ஒரு ஸ்கூட்டர். போன ஞாயிறு சாயங்காலம் அம்மாவை நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகக் கிளம்பினால் பின் டயர் தரையோடு ஒட்டிக் கிடக்கிறது, ஸ்டெப்னியைத் தட்டிப் பார்த்தால் அதிலும் காற்று இல்லை, பஞ்சர் கடை எல்லாம் அடைத்தாச்சு. கடைசியில் ஆட்டோ பிடித்துப் போனோம். இனி வண்டியிலேயே ஒரு கம்ப்ரசர் கிடக்கட்டும் என்று பார்க்கிறேன், 2,500 ரூபாய்க்கு மேல் முடியாது. காரின் 12 வோல்ட் சாக்கெட்டில் சொருகுவதா, சார்ஜ் போடுகிற பேட்டரி மாடலா? எல்லாப் பெட்டியிலும் 150 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) என்றே போட்டிருக்கிறது, எதை வைத்துத்தான் பிரிப்பது?

மார்த்தாண்டம்_டாக்சி:
தம்பி, அந்த 150-ஐ மறந்துவிடுங்க. சின்ன காருக்கு வேண்டியது 30 முதல் 35-தான், டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஸ்டிக்கர் இருக்கும், அதுதான் கணக்கு. பார்க்க வேண்டியது நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்பது. 10 பி.எஸ்.ஐ. ஏற்ற ஏறக்குறைய 20 லிட்டர் காற்று உள்ளே போகணும். பெட்டியில் 35 லிட்டர் என்று போட்டிருந்தாலும் டயரில் அழுத்தம் ஏற ஏற வரத்து குறையும்.

பேட்டரி மாடலில் 2,000 எம்.ஏ.எச்., 7.4 வோல்ட் என்றால் அதில் தேங்குகிற கரண்ட் மொத்தமே 14.8 வாட் அவர். சாக்கெட்டில் 10 ஆம்பியர் இழுக்கிற பம்புக்கு 120 வாட் வேணும், அந்த 14.8 வாட் அவரை அப்படிப்பட்ட பம்ப் எட்டு நிமிடத்துக்குள் தீர்த்துவிடும். நாலு டயருக்கும் கொஞ்சம் கொஞ்சம் ஏற்றப் பேட்டரி போதும். முழுசாய் இறங்கின கார் டயர் என்றால் ஒன்றிலேயே படுத்துவிடலாம். உங்களுக்கு நடந்தது அதுதானே, சாக்கெட் மாடலே எடுங்க. எஞ்சினை ஓடவிட்டு அடிங்க, ஆனால் ஷெட்டுக்குள் வேண்டாம். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை பம்பை ஆறவிடணும். டபுள் சிலிண்டர் என்று பெரிசாய் வருவதைச் சாக்கெட்டில் போட்டால் ஃப்யூஸ் போகும், அதை காரின் பேட்டரியில் நேராய் கிளிப் மாட்டித்தான் ஓட்டணும்.

தோவாளை_ஸ்கூட்டர்:
அண்ணன் சொன்னது காருக்குச் சரி, ஆனால் என் ஸ்கூட்டரில் சொருக இடமே இல்லை. நான் பேட்டரி மாடல்தான் வைத்திருக்கிறேன், ஸ்கூட்டருக்கும் பையன் சைக்கிளுக்கும் தாராளம். சீட்டுக்கு அடியில் போட்டு வெயிலில் நிறுத்தினேன், கையில் எடுக்க முடியாத சூடு, அப்புறம் வீட்டிலேயே வைத்துவிட்டேன். இன்னொன்று, என்னுடையதில் குழாய் திருகி மாட்டுகிற மாதிரி, கழற்றும்போது புஸ்ஸென்று கொஞ்சம் காற்று போகும், அதனால் 2 பி.எஸ்.ஐ. கூட்டியே வைப்பேன். டிஜிட்டல் மீட்டரையும் அப்படியே நம்பாதீங்க, பெட்ரோல் பங்கில் அடித்த உடனே ஒரு தடவை இதிலும் மாட்டிப் பாருங்க, எவ்வளவு வித்தியாசம் என்று தெரிந்துவிடும். வண்டி ஓடி டயர் சூடாகும் முன்னே, காலையில் பார்ப்பதுதான் சரியான அளவு.

குலசேகரம்_ரப்பர்:
ரெண்டு பேருக்கும் நன்றி. அண்ணே, டயர் தரையோடு கிடக்கும்போது ஆணி இருந்தால் பிடுங்கிவிட்டு அடிக்கணுமா? ஒயர் பின் டயருக்கு எட்டுமா?

மார்த்தாண்டம்_டாக்சி:
பிடுங்கவே கூடாது! ட்யூப்லெஸ் என்றால் ஆணியோடு அடித்து, காற்று நிற்கிறதா என்று பார்த்து, மெதுவாய்ப் பஞ்சர் கடைக்கு ஓட்டுங்க. டயர் ரிம்மை விட்டு விலகியிருந்தால் இந்தப் பம்பால் ஏறாது, ஸ்டெப்னிதான். ஒயரும் குழாயும் சேர்த்து நாலு மீட்டராவது இருக்கணும், கடையிலேயே பிரித்து, காரின் பின் டயர் வரை இழுத்துப் பார்த்து வாங்குங்க. முதல் வேலையாய் அந்த ஸ்டெப்னிக்கு அடிங்க.