'மறுகால்' என்பதா, 'நிறைமீளல்' என்பதா?

அன்புடையீர், வணக்கம்.

நுண்கட்டுப்படுத்தியில் (ஒரே சில்லில் அடங்கிய சிறு கணினியில்) துடிப்புகளை எண்ணும் உறுப்பான 'எண்ணி' (counter) தன் கொள்ளளவைத் தாண்டும் நிகழ்வுக்கு, அதாவது ஆங்கிலத்தில் overflow என்பதற்கு, 'மறுகால்' என்ற சொல்லை நம் கலைச்சொல் உரையாடலில் நண்பர் ஒருவர் முன்மொழிந்திருப்பதைக் கண்டபோது, திருநெல்வேலிச் சீமைக்காரன் என்ற முறையில் எனக்கு முதலில் மகிழ்ச்சியே உண்டாயிற்று. கார்த்திகையில் அடைமழை பிடித்துவிட்டால் எங்கள் பக்கத்தில் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வது, குளம் மறுகால் பாய்ந்துவிட்டதா, அதாவது நிறைந்து மிகை நீர் வெளியேறத் தொடங்கிவிட்டதா என்பதைத்தான். நாங்குநேரிப் பக்கம் மறுகால்குறிச்சி என்று ஓர் ஊரே இருக்கிறது. வட மாவட்டங்களில் 'ஏரி கோடி போகிறது' என்பார்களே, அவர்களுக்கு இச்சொல் விளங்குமா என்ற தடையை நான் பெரிதாக எண்ணவில்லை. வட்டாரச் சொல் கலைச்சொல்லாவதில் குற்றமில்லை. என் தயக்கம் பொருளைப் பற்றியது.

மறுகால் பாயும்போது வெளியேறுவது மிகை நீர் மட்டுமே. குளம் நிறைந்தபடியே நிற்கிறது. நுண்கட்டுப்படுத்தியின் எண்ணி அவ்வாறு நிற்பதில்லை. அர்டுயினோ ஊனோ பலகையிலுள்ள ஏடிமெகா328பி என்ற நுண்கட்டுப்படுத்திச் சில்லின் 8 பிட் டைமர் (நேரம் அளக்கும் எண்ணி) கடிகாரத் துடிப்புகளை 255 வரை எண்ணி, அடுத்த துடிப்பில் 0 ஆகிவிடுகிறது. 16 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தை 64-ஆல் வகுத்து அதை ஓட்டினால் ஒரு துடிப்புக்கு 4 மைக்ரோநொடி ஆகும்; எனவே 1,024 மைக்ரோநொடிக்கு ஒருமுறை இது நிகழ்ந்துகொண்டே இருக்கும். 'மிகைவழிவு' என்ற சொல்லுக்கும் இதே குறை உண்டு. வழிந்த பாத்திரம் காலியாவதில்லை.

இது வெறும் சொல்நயம் பற்றிய வழக்கு அன்று. பாளையங்கோட்டையில் ஞாயிறுதோறும் சில பள்ளி மாணவர்களுக்கு நான் இதைக் கற்றுக்கொடுக்கிறேன். பலகை இயங்கத் தொடங்கியதிலிருந்து கடந்த மில்லிநொடிகளைத் தரும் 'மில்லிஸ்' (millis) என்ற செயற்கூறு (function) 32 பிட் எண்ணைத் தருவதால், ஏறத்தாழ 49.7 நாளில் அது 4,29,49,67,295-ஐத் தொட்டு மீண்டும் 0-இலிருந்து தொடங்கும். குளத்து உவமையைச் சொல்லி இதை விளக்கினேன், "அப்படியானால் ஐம்பதாம் நாள் கடிகாரம் நின்றுவிடுமா, சார்?" என்று ஒரு மாணவன் கேட்டான். பிழை அவனுடையது அன்று, என் உவமையுடையது. எண் தொடக்கத்துக்குத் திரும்புகிறது என்பது மனத்தில் பதிந்தால்தான், தொடக்க நேரத்தோடு இடைவெளியைக் கூட்டி ஒப்பிடாமல், இப்போதைய நேரத்திலிருந்து தொடக்க நேரத்தைக் கழித்து ஒப்பிட வேண்டும் என்பதன் காரணம் புரியும். குறியில்லா எண்களில் (எதிர்மறை மதிப்பே இல்லாதவற்றில்) அந்தக் கழித்தல், எண் திரும்பிய பின்னரும் சரியான விடையையே தரும்.

'சுழியாதல்', அதாவது 0 ஆதல், என்றும் ஒரு சொல் இந்த உரையாடலில் வந்தது. குறியுள்ள 16 பிட் எண் 32,767-ஐத் தாண்டும்போது சுழிக்குப் போகாமல் பொதுவாக −32,768-க்கே போய் நிற்கும் என்பதால் அதுவும் முழுமையாகப் பொருந்தாது.

நம் முன்னோரின் நாழிகை வட்டிலை நினைத்துப் பார்க்கலாம். அடியில் துளையுள்ள வட்டில் நீரில் மிதந்து, மெல்ல நிரம்பி, மூழ்கும். அதை எடுத்துக் கவிழ்த்து மறுபடி மிதக்கவிட்டால் அடுத்த நாழிகை, அதாவது அடுத்த 24 நிமிடம், தொடங்கும். டைமர் செய்வதும் இதுவே. நிறைவதும் மீள்வதும் ஒரே நிகழ்வின் இரு பாதிகள் என்பதால், 'நிறைமீளல்' என்ற சொல்லை முன்வைக்கிறேன். 'எண்ணி நிறைமீண்டது' என வினையாகவும், 'நிறைமீளல் குறுக்கீடு' (overflow interrupt), 'நிறைமீளல் கொடி' (overflow flag, நிகழ்வைக் காட்டும் அடையாள பிட்) எனத் தொடராகவும் இது தடையின்றி வரும். (கொடி என்றதும் எங்கள் பிள்ளைகளுக்கு நெல்லையப்பர் கோயில் கொடியேற்றமே நினைவுக்கு வரும். வரட்டும், கொடி ஏறினால் ஏதோ நடந்திருக்கிறது என்பதுதானே செய்தி?)

'மறுகால்' என்ற சொல்லைக் கைவிடவும் எனக்கு மனமில்லை. அதே சில்லில் ஒப்பீட்டு மின்னழுத்தத்தை (அளக்கக்கூடிய உச்ச மின்னழுத்தத்தை) உள்ளமைந்த 1.1 வோல்ட்டாக வைத்துவிட்டு, மின்னழுத்தத்தை அளக்கும் அனலாக் முனைக்கு 2 வோல்ட் கொடுத்தால், அளவீடு அதன் உச்ச எண்ணான 1,023-இலேயே நிற்கும்; அதற்கு மேற்பட்டதெல்லாம் கணக்கில் வராமல் போய்விடும். நிறைந்த குளம் இதுதான். ஆகவே, அளவீடு உச்சத்தில் நின்றுவிடும் இந்த நிலைக்கு 'மறுகால் நிலை' என்று வைத்துக்கொள்ளலாம்.

0-இலிருந்து 1-ஐக் கழித்தால் 8 பிட்டில் 255 வருகிறதே, அந்த எதிர்ப்பக்க நிகழ்வுக்கு 'குறைமீளல்' என்பது தற்போதைக்கு என் கையிலுள்ள சொல். இதைவிடப் பொருத்தமானது எவரிடமாவது இருந்தால், தயவுசெய்து எழுதுங்கள்.