ஆயா பாட்டுல தங்கம் வரலை

குப்பத்துக்காரன் நான். ஊர் ஆந்திரா, பள்ளிக்கூடம் தெலுங்கு, வீட்டுல தமிழ். தாத்தா கோலார் தங்கவயல் சுரங்கம் ஒண்ணுல வேலை பார்த்தவர். அங்க சாம்பியன் ரீஃப்ங்கிற சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல ஆழம். அடியில பாறைச்சூடே 60 டிகிரியைத் தாண்டும். தாத்தா அதைப் பத்தி வாயே திறந்ததில்லை. ஆயாதான், அதுவும் பாட்டா.

போன வருஷம் முறத்துல வேர்க்கடலை உரிச்சிக்கிட்டே பாடினாங்க. போன்ல பதிவு பண்ணிட்டேன்:

விடியமுன்னே சங்கூதும், வெந்த களி ஆறிப்போகும்
இரும்புக் கூண்டுல ஏறி எறங்கிப் போனாரு மச்சான்
எறங்கின சத்தம் கேட்டேனே, ஏறுற சத்தம் கேக்கலியே

கூண்டுன்னா ஆளை இறக்குற கேஜ். மூணாவது வரி 'ஏர் பிளாஸ்ட்' பத்தினது. வெடி வச்சு இல்ல, ஆழத்துல அழுத்தம் தாங்காம பாறை தானா தெறிக்கும். மேல தொழிலாளிங்க இருந்த லைன் வீட்டுல அலமாரிச் சாமான் குலுங்கும். பொம்பளைங்க போட்டது போட்டபடி சாஃப்ட் வாசலுக்கு, அதான் கூண்டு இறங்குற குழி வாசலுக்கு, ஓடுவாங்களாம். இன்னிக்கும் தெருவுல லாரி போய் டம்ளர் ஆடினா ஆயா கையை வச்சு அதை அமுக்கிப் பிடிப்பாங்க. பேச்சை நிறுத்தமாட்டாங்க, கை மட்டும் போகும்.

தாத்தாவைப் பாறை ஒண்ணும் பண்ணலை. துளை போட்ட தூசிதான் நெஞ்சுல தங்கிடுச்சு. டாக்டருங்க சிலிகோசிஸ்னாங்க, ஆயாவுக்கு அது தூசி இருமல். 2001 பிப்ரவரியில சுரங்கத்தை மூடினப்போ அவர் இல்லை.

இத்தனை பாட்டுலயும் தங்கம்ங்கிற சொல்லே வரலையேன்னு கேட்டேன். "அதை யாரு கண்ணால பாத்தா? கல்லுதான் பாத்தோம்"னாங்க. வாஸ்தவம். ஒரு டன் கல்லை அரைச்சாலும் சில கிராம்தான் தேறும்.

—

வி.கோட்டாவுல இருந்து எழுதறேன் அண்ணே. எங்க பெரியப்பாவும் அங்கதான். 1930ல தொழிலாளிங்க கைரேகை பதியணும்னு சொன்னதுக்கு வேலைநிறுத்தம் நடந்துச்சுன்னு சொல்வாரு. அதுக்கு ஆயாகிட்ட பாட்டு இருக்கா?

—

கேட்டேன் தம்பி. "அது எங்க மாமியா காலத்துப் பாட்டு"ன்னு கொஞ்ச நேரம் கடலையையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. ஒரே ஒரு வரி வந்துச்சு:

ரேகை தேஞ்ச கையிக்கு ரேகை எதுக்குடா தொரை