ஞாயித்துக்கிழமை அப்பா: பாப்பாவைத் தூக்கினாலே "ஆம்பளைக்கு எதுக்குங்க"ங்கிறாங்க

நொய்யல்கரை:
வணக்கமுங்க. திருப்பூர் பனியன் கம்பெனில ஒன்றரை ஷிஃப்ட், காலைல எட்டரைக்குப் போனா ராத்திரி எட்டரை ஆயிரும். சம்சாரம் கோபிப் பக்கம் பொறந்த ஊட்டுல இருக்காங்க. பாப்பாவுக்கு ஒரு மாசம். ஞாயித்துக்கிழமை போனா எலை போட்டுச் சோறு, ஃபேனுக்கடியில சேரு. பாப்பாவைத் தூக்கினா அத்தை "நீங்க உக்காருங்க மாப்ள, தலை இன்னும் நிக்கலை"ன்னு வாங்கிக்கிறாங்க. துணி மாத்தறேன்னா எல்லாரும் சிரிப்பு. அவங்க இங்க வந்தப்புறம் பார்த்துக்கலாமா, இப்பவே ஏதாச்சும் ஆரம்பிக்கோணுமா?

வேப்பநிழல்:
இப்பவே ஆரம்பிங்க. நம்ம பக்கம் தலைப்பிரசவத்துக்குப் போனவங்க திரும்பி வர மூணு மாசம், அஞ்சு மாசம் ஆகும். அதுக்குள்ள உங்க சம்சாரத்துக்கு எல்லாம் கை பழகிரும், நீங்க மாப்பிள்ளை மரியாதையிலயே நிப்பீங்க. பாப்பா அழுதா சீக்கிரம் அமத்தறவங்க கைக்குத்தான் போகும். அப்புறம் "ஆம்பளைக்கு இதெல்லாம் வராது"ன்னு முடிச்சுருவாங்க. வராம இல்லீங்க, பழகலை. உங்க சம்சாரமும் இந்த ஒரு மாசத்துல அவங்க அம்மாகிட்டக் கத்துக்கிட்டதுதானே.

ஒரே ஒரு வேலையை முழுசா எடுங்க. ஏப்பம் எடுக்க வைக்கறது உங்களுக்குத் தோதானது. இந்த வயசுல ஒரு நாளைக்கு எட்டுல இருந்து பன்னெண்டு தடவை பால் குடிக்கும், அதனால ஞாயித்துக்கிழமை ஒரு நாள்லயே நல்லாப் பழக்கம் கிடைக்கும். பால் குடிச்சதும் வாங்கி நெஞ்சோட நிமுத்திப் பிடிங்க. தாடை உங்க தோளுக்கு மேல இருக்கோணும், மூக்கு துணியில அமுங்கக் கூடாது. ஒரு கை பின்கழுத்துலயும் தலையிலயும், இன்னொரு கை முதுகைக் கீழிருந்து மேல தடவ. பத்துப் பதினஞ்சு நிமிசம் போதும். ஏப்பம் வரலைன்னாலும் பரவாயில்லை, மல்லாக்கப் படுக்க வையுங்க. ஓங்கித் தட்டறதும், குடிச்ச உடனே தொட்டில்ல போட்டு ஆட்டறதும்தான் பால் கக்க வைக்கும்.

அத்தை பயப்படறதும் பொய்யில்லை. தலை நிக்க மூணு நாலு மாசம் ஆகும், அதுவரைக்கும் பின்கழுத்துல கை இருந்தே ஆகோணும். "குடுங்க, நான் பார்க்கறேன்"னு மல்லுக்கட்டாதீங்க. "கத்துக்குடுங்க அத்தை"ன்னு கேளுங்க, அவங்களே குடுப்பாங்க. அழுதாலும் அஞ்சு நிமிசம் யாரும் வாங்க வேண்டாம்னு முன்கூட்டியே பேசி வெச்சுக்குங்க. கையைச் சப்புது, வாயைத் திறந்து அங்கிட்டும் இங்கிட்டும் தேடுதுன்னா பசி. அப்ப மட்டும் உடனே அம்மாகிட்ட.

பொறக்கறப்போ 2.5 கிலோவுக்குக் கொறைவா இருந்துச்சுன்னா, டாக்டரைக் கேட்டுக்கிட்டு கங்காரு முறையையும் நீங்க செய்யலாம். பாப்பாவுக்கு டயப்பரும் தொப்பியும் சாக்ஸும் போதும். உங்க வெறும் நெஞ்சோட ஒட்ட வெச்சு, மேல துணியால போர்த்தி, ஒரு தடவைக்குக் குறைஞ்சது ஒரு மணி நேரம். மாமனார் ஊட்டுல சட்டையைக் கழட்டக் கூச்சமா இருந்தா ரூமைச் சாத்திக்குங்க!

தறிச்சத்தம்:
தப்பா நினைக்காதீங்க. அவரு பன்னெண்டு மணி நேரம் நிக்கறதே பாப்பாவுக்குத்தானுங்க. சம்பாதிக்கறது ஆம்பளை வேலை, வளர்க்கறது பொம்பளை வேலைன்னு இயற்கையே பிரிச்சு வெச்சிருக்குது. சங்கடப்படுத்தாதீங்க.

சென்னிமலை அம்மணி:
சம்பாதிக்கறதும் வளர்க்கறதுல சேர்த்திதாங்க, அதை யாரும் கழிக்கலை. இயற்கைன்னு சொல்றீங்களே, அதுக்குத்தான் பதில். பிலிப்பைன்ஸ் நாட்டு செபுவுல 624 ஆம்பளைகளைச் சில வருசம் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2011ல வந்துச்சு. அப்பா ஆனவங்களுக்கு டெஸ்டோஸ்டிரோன்ங்கற ஆண் ஹார்மோன் நல்லாவே எறங்கியிருந்துச்சு. தினம் மூணு மணி நேரமோ அதுக்கு மேலயோ குழந்தையைப் பார்த்துக்கிட்டவங்களுக்கு இன்னும் கம்மி. ஆம்பளை உடம்பும் குழந்தைக்குத் தக்கன மாறத்தான் செய்யுது.

நொய்யல்கரை, உங்களைத் தடுக்கறது ஷிஃப்ட்டும் சட்டமும். மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள் தந்தை விடுப்பு உண்டு, குழந்தை பொறந்து ஆறு மாசத்துக்குள்ள எடுத்துக்கலாம். தனியார் கம்பெனிக்கு அப்படிக் கட்டாயம் எதுவும் இல்லை. மகப்பேறு சட்டத்துல வந்த 2017 திருத்தம் அம்மாவுக்கு 26 வாரம் லீவு குடுத்துச்சு. 50 பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யற இடத்துல குழந்தைக் காப்பகம் இருக்கோணும்னுச்சு. தினம் நாலு தடவை போய்ப் பார்க்கலாம்னு அதுல எழுதியிருக்கறதும் அம்மாவுக்கு மட்டும். கம்பெனில வாய்விட்டுக் கேட்டாத்தான் உண்டு. பதினஞ்சு நாள் கேட்டு வாங்கறதை விட, வாரத்துல ரெண்டு நாள் ஒரு ஷிஃப்ட்டோட வர்றதைக் கேட்டுப் பாருங்க. அவங்க திருப்பூர் வந்தப்புறம் அதுதான் உதவும்.

தறியோ பனியனோ, வேலை முடிஞ்சு வந்ததும் சட்டையை மாத்தி, முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவிட்டுத் தூக்குங்க. பஞ்சுத் தூசியும் பீடி வாசமும் துணியில ஒட்டிக்கிட்டே வரும்.

இன்னொண்ணு, ரெண்டு மூணு வயசானப்புறம் வர்றது. "இரு, உங்கய்யன் வரட்டும்"னு மிரட்டற பழக்கத்தை ஊட்டுக்குள்ள நுழையவே விடாதீங்க. நாளெல்லாம் பார்க்காத மனுசன் ராத்திரி வந்து தண்டனை மட்டும் குடுத்தா, செருப்புச் சத்தம் கேட்டதும் பிள்ளை போர்வைக்குள்ள போயிக்கும்.

நொய்யல்கரை:
ரொம்ப நன்றிங்க. 45 நாள் ஊசி வருது, அதுக்கு நானே கூட்டிட்டுப் போகலாமா?

வேப்பநிழல்:
தாராளமா. அதையும் மொத்தமா உங்க பொறுப்பாவே எடுத்துக்குங்க: ஆறு, பத்து, பதினாலு வாரம், அப்புறம் ஒம்பது மாசம் முடிஞ்சு. தேதியை உங்க சம்சாரம் ஞாபகப்படுத்தற மாதிரி வெச்சுக்காதீங்க, அப்ப பாதி வேலை அவங்க தலைமேலதான் இருக்கும். தடுப்பூசி கார்டை மறக்காம எடுத்துட்டுப் போங்க, ஊசி போட்டப்புறம் அரை மணி நேரம் அங்கயே உக்காந்திருங்க.

காய்ச்சல் ஒரு நாள் ரெண்டு நாள் இருக்கலாம். மருந்துலதான் நிறையப் பேர் தடுமாறுவாங்க. பாராசிட்டமால் டிராப்ஸ்ல ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம். சிரப்ல 125ன்னு போட்டிருந்தா அது அஞ்சு மில்லிக்கு. சிரப் அளவுல டிராப்ஸைக் குடுத்தா நாலு மடங்கு போயிரும். பாப்பாவோட எடையைச் சொல்லி, எத்தனை மில்லின்னு நர்ஸை கார்டுலயே எழுதித் தரச் சொல்லுங்க. டப்பாவுல வர்ற டிராப்பர் தவிர வேற எதுலயும் அளக்காதீங்க. கார்டை போட்டோ எடுத்து உங்க போன்லயும் வெச்சுக்குங்க.